எழுப்பி வைத்த தட்டு

1.
இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, ஓர் இசைக்குழுவில் வெண்கலத் தட்டு வாசிப்பவள். ஆள் உயரச் சட்டத்தில் தொங்கும் பெரிய தட்டு. குளிர்ந்து கிடக்கும் உலோகத்தை எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் சத்தம் பிந்தித்தான் வருமாம். அதனால் முன்கூட்டியே, யார் காதிலும் விழாமல், பஞ்சு சுற்றிய கோலால் மெல்லத் தட்டி அதை அதிரவைக்க வேண்டும். "எழுப்பி வைக்கிறது" என்றாள். அன்றே டைரியில் குறித்துக்கொண்டேன்.

2.
முதல் தொடக்கம்: மேடை இருட்டாக

(வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: போன கச்சேரியில் அவளுடைய அடி அரை நொடி பிந்திவிட்டது. இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக இசை நடத்துநர் சொல்லிவிட்டார். இன்று நாற்பது நிமிட இசையில் அவளுக்கு ஒரே ஓர் அடி.

"நீ ஒரு கொட்டாவி விட்டீன்னா போச்சு தங்கச்சி, உன் மொத்தக் கச்சேரியும்" என்று பக்கத்து முரசுக்காரர் காதோரம் சீண்டினார்.

அவள் கோலைத் தட்டின் அருகே கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே விளிம்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க தட்டுனீங்களா?"

"என் கை ரெண்டும் இங்கதான இருக்கு."

(முரசின் அதிர்வு தட்டில் ஏறியிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முரசு இன்னும் தொடங்கவே இல்லை.)

3.
இந்த இடத்தில், செத்துப்போன பழைய தட்டுக்காரர் ஒருவரை அவளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். மலிவாக இருந்தது, வெட்டிவிட்டேன். சரிபார்க்க மறுபடி படித்தேன். அவர் இல்லை. தட்டு அதிர்ந்தது. இன்னும் இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கூடுதலாக அதிர்ந்தது. பயந்துபோய் ஒரு வாரம் டைரியைத் தொடவில்லை. திறந்தபோது தட்டு அடங்கிக் கிடந்தது. இரண்டாவது வரியைப் படித்ததும்

4.
ஆக, யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. வரிமேல் ஓடும் கண்தான் கோல். அவளிடம் சொல்லலாம் என்றால், பக்கத்து இருக்கை மூன்று வகுப்பாகக் காலி.

நடத்துநரின் கை எழுகிறது. நீங்கள் இங்கே நிறுத்தினால் தட்டு குளிர்ந்துவிடும், அடி பிந்தும், அவள் வேலை போய்விடும். நிறுத்தாமல் படிக்கலாம், ஆனால் என்னிடம் இன்னும் இரண்டு வாக்கியம்தான் இருக்கிறது.

அவள் கோலை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையோடு, தட்டை எழுப்புவது யார் என்று திரும்பிப் பார்க்கிறாள், உங்கள் பக்கம்.