ஈர்க்கிலில் தட்டாத வீல்

வாய் மட்டும் கொஞ்சம் அடங்கி இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் மஸ்கட்டில் கிடந்திருக்க மாட்டார். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பட்டவள் நான்தானே.

எழுபத்தெட்டாம் வருஷம். பாறசாலைக்கு ரயில் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பாறசாலைக்குத் தெற்கே பத்து சென்ட் குடிகிடப்பு பூமியில் நாங்கள் இருந்தோம். என் மாமனார் குடிசை போட்டுக் கிடந்து, காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த ஏமான் வீட்டு நிலம்தான் அது; ஏமான் என்றால் எங்களுக்கு நிலத்துக்கு உடையவர். குடியிருப்பவனுக்கே மண் என்று சட்டம் வந்து, வழக்கு நடந்து, எங்கள் பேருக்கு ஆயிற்று. அதில் ரோட்டோரமாக ஓலைச் சாய்ப்பு இறக்கி, என் வீட்டுக்காரர் பொன்னையன் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்.

பொன்னையன் கைபட்டால் வீல் ஆடாது என்று நெய்யாற்றின்கரை வரைக்கும் பேச்சு. அந்தக் கை யாருடையது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். நான் கோட்டுகாலில் பிறந்தவள். பத்து வயசிலிருந்து கயிறு திரிக்கும் ராட்டினத்தோடு நின்றவள். ராட்டினம் கொஞ்சம் ஆடினாலும் கயிறு முழுக்க முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்படிப் பழகிய கண் எனக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் அவர் ஒரு சைக்கிள் வீலோடு அரை நாள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல், பிடுங்கி நேராக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வளைந்த வீலெல்லாம் முன்வாசலில் வந்து, ஓலைத் தட்டிக்குப் பின்னால் என்னிடம் நேராகி, மறுபடி முன்வாசல் வழியாகவே போயிற்று. பெண்பிள்ளை தொட்ட வீல் என்று தெரிந்தால் ஆள் வராது என்று அவருக்குப் பயம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் மஸ்கட்டில் மெக்கானிக் வேலைக்கு விசா வந்தது.

"நிக்க ஒரு துண்டு மண்ணு இப்பந்தான் நமக்குண்ணு கிட்டியிருக்கு. அதை விட்டுக்கிட்டு எவனுக்க மணலில போய் நிக்கப் போறீங்க?" என்று மூன்று மாதம் சண்டை போட்டேன்.

"இந்த மண்ணுல ஒரு வீடு கெட்டாண்டாமா எட்டி?" என்பார். அதற்கும் சேர்த்துச் சண்டை போட்டேன்.

புறப்படும் நாளில் பார்த்து பந்த் வைத்தார்கள். பஸ் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு மணிக்குப் பம்பாய் வண்டி. அதைத் தவறவிட்டால் பம்பாயிலிருந்து மஸ்கட் போகும் விமானமும் போயிற்று, அந்த வேலைக்கு வேறு ஆள் காத்து நின்றான். ஏமான் வீட்டு மகன் சதாசிவன் அப்போது பக்கத்து அமரவிளையில் குடியிருந்தார். நிலமெல்லாம் போன பிறகும் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் மிச்சம் வைத்திருந்தார். தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கு வந்தார். வண்டியில் வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். ரோட்டில் மறித்துப் போட்டிருந்த கல்லில் ஏற்றிவிட்டாராம். முன்வீல் ரிம் நெளிந்துபோய், நாலு ஸ்போக் முறிந்து தொங்கியது.

பொன்னையன் வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முறிந்த ஸ்போக்கை விரலால் தள்ளிப் பார்த்தார். சதாசிவன் சொன்னார்: "இது இனி நேராவாது பொன்னையா. எந்தப் பெரிய பட்டறைக்காரன் வந்தாலும் ஆவாது. விட்டுத்தள்ளு."

நான் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்படியே நின்றிருந்தால் போதும். அந்த மனுஷன் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்திருப்பார். மூன்று மாதச் சண்டையில் கிடைக்காதது, சும்மா நின்றாலே கிடைத்திருக்கும். ஆனால் ஆவாது என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஆராக்கும் சொன்னது ஆவாதுண்ணு?" என்று வெளியே வந்தேன். "அண்ணன் கொஞ்சம் அங்க மாறி இரிங்க."

முன்வாசலிலேயே உட்கார்ந்தேன். டயரையும் டியூபையும் கழற்றி, ஸ்போக்கை எல்லாம் தளர்த்தி, ரிம்மைத் துணி துவைக்கும் கல்லில் கிடத்தி, கட்டையை வைத்துத் தட்டினேன். பட்டறையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் வீலிலிருந்து நாலு ஸ்போக் எடுத்துக் கோத்தேன். பொன்னையன் வீலை ஃபோர்க்கில் மாட்டிக் கொடுத்தார். ஃபோர்க்கில் ஒரு ஈர்க்கிலை, தென்னோலை நடுநரம்பை, கட்டி, ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, வீலைச் சுற்றிவிட்டேன். ரிம் எந்த இடத்தில் ஈர்க்கிலைத் தட்டுகிறதோ, அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று முறுக்க வேண்டும். தட்டும், முறுக்குவேன். மறுபடி தட்டும், முறுக்குவேன். தட்டும் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரே ஒரு இடத்தில் டிக் என்று நின்றது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த ஒரு ஸ்போக்கை அரைச் சுற்று கூட்டி முறுக்கினால் போதும், ரிம் மறுபக்கம் கோணிக்கொள்ளும். ஆகவில்லை என்று எழுந்துவிடலாம். நிமிர்ந்து பார்த்தேன். பொன்னையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்ய, கை அதற்குச் சம்மதிக்கவில்லை. கால் சுற்றுதான் முறுக்கியது.

வீல் சத்தமில்லாமல் சுற்றியது.

சதாசிவன் குனிந்து ஈர்க்கிலைப் பார்த்தார். "அப்போ இத்தற நாளும் வீலெல்லாம்..."

"இவளாக்கும் அண்ணா," என்றார் பொன்னையன். "எல்லாம் இவளாக்கும்."

ஏழு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். கிடைத்த சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

டயரை மாட்டிக் காற்றடித்து முடிக்கும்போது மணி பதினொன்றை நெருங்கியது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தவர், சதாசிவன் காதில் விழாதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"நீ வாய் தொறக்காம நிண்ணா, நான் இருந்துக்கிடலாம்ணு நெனச்சேன் எட்டி."

மூன்று மாதம் ஓயாமல் பேசிய நான் பெட்டியைப் பிடித்து இழுக்கக் கை நீட்டுவதற்குள் சதாசிவன் வண்டியை உதைத்துவிட்டார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

ரோட்டில் கல் கிடந்ததால் பக்கத்து மண் வழியாகத்தான் போனார்கள். முந்தின நாள் மழை பெய்து மண் இளகிக் கிடந்தது. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நேர் வழியில் பின்வீல் தடம் முன்வீல் தடத்தை அழித்திருந்தது. வளைவில்தான் முன்வீல் தனியாகப் பிரிந்து தெரிந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து, எங்காவது ஒரு இடத்தில் நெளிந்திருக்கிறதா என்று தேடினேன். என் கைவேலையில் ஒரு குற்றம் இருக்க வேண்டும் என்று நான் தேடியது அன்றைக்குத்தான். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.