காற்றில் போன மருந்து

எங்கள் சலவைக்கடைக் கழிப்பறைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் உள்ளே போனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவேன், பதில் வரவேண்டும். போன வருஷம் இந்த மேற்கு வர்ஜீனியாப் பள்ளத்தாக்கில் போதை மருந்து மிஞ்சிச் செத்த பதினோரு பேரைப் புதைத்த பிறகு நான் போட்ட சட்டம். என் தம்பி ஆர்லிஸுக்கு அது கேலி. சுரங்கத்தில் முதுகு உடைந்தபோது டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்து போதை ஊசி வரை வந்தவன். தட்டினால், "இன்னும் சாகல அக்கா, போய்த் துணிய மடி" என்பான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் தட்டினேன். பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தால், சுவரோரம் சரிந்து கிடந்தான். உதடு நீலமாகியிருந்தது. மூச்சில்லை.

சுகாதாரத் துறைப் பெண் கொடுத்த பெட்டி கல்லாவுக்குக் கீழே இருந்தது. போதையை முறித்து மூச்சைத் திருப்ப மூக்கில் அடிக்கிற மருந்து, இரண்டு குப்பி. சளி மருந்தை எப்போதும் ஒரு தடவை காற்றில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூக்கில் வைப்பேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் கை தானாக அழுத்திவிட்டது. புஸ்ஸென்று முழு மருந்தும் போயிற்று. "அடிச்சுப் பாக்காதீங்க, ஒரு குப்பிக்கு ஒரு அடிதான்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இரண்டாவதை அவன் மூக்கில் அடித்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். துணி துவைக்க வந்திருந்த ஓபல் போனைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "ஆம்புலன்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்காம் வெர்னா. நாப்பது நிமிஷமாம்!"

நான்காவது நிமிடம் இருமினான். கண் திறந்ததும் வசவுதான்.

"சனியனே, எல்லாத்தையும் கெடுத்துட்ட. ஒடம்பெல்லாம் நடுங்குது. விடு, நான் போறேன்."

"போகாதடா. அரைமணியில மருந்து வேகம் எறங்கிடும். நீ போட்டது மறுபடி உன்ன அமுக்கும்."

"அமுக்குனா இன்னொன்ன அடி. ரெண்டு இருக்குமே?"

"இல்லடா. அத நான் காத்துல அடிச்சிட்டேன்."

என்னையே பார்த்தான். கோபம் போய் முகத்தில் பயம் வந்தது. துவைக்கும் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்து என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷின் மூடியைத் தட்டினேன்.

"இன்னும் சாகல அக்கா."

முப்பத்தைந்தாவது நிமிடம் தட்டியபோது, "இன்னும்..." என்றான். மீதி வரவில்லை. பாவாடையைப் பிடித்திருந்த கை நழுவியது.

அவனைத் தரையில் கிடத்தி ஊத ஆரம்பித்தேன். பாலத்துப் பக்கம் சைரன் கேட்டது. பாலத்திலிருந்து கடைக்கு மூன்று நிமிடம். ஓபல் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை.