சொருகியே இருந்த கம்பி

வலது முட்டிக்குள் யாரோ துருப்பிடித்த ஆணியை வைத்துத் திருகுவதுபோல இருந்தது ஏணிக்கு. முப்பது வருஷம் கம்பம் கம்பமாக ஏறியவர். ஆபீசில் ‘ஏணி’ என்று பெயர் விழுந்ததே அதனால்தான். இப்போது செருப்பு மாட்டக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தொலைபேசி நிலையத்துக்குக் கிளம்பினார்.

நிலையத்தில் லிஃப்ட் செத்து ஒரு வருஷம். நாலாவது மாடிக்குத் தொண்ணூற்றாறு படி. அங்கேதான் போன் அழைப்புகளை இணைத்துவிடும் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. வெளிநாட்டில் செய்தவை. பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்கிப் போட்டாயிற்று. ஆஸ்பத்திரி, துறைமுகம், ராணுவ முகாம் என்று ஊரின் மொத்தப் பேச்சும் அவற்றுக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும்.

பெட்டி மக்கர் பண்ணினால், செய்தவர்கள் தங்கள் நாட்டிலிருந்தபடியே உள்ளே நுழைந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வாசல் ஒரு மஞ்சள் கம்பி. அவர்கள் கேட்கும்போது சொருக வேண்டும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். ஒருவர் கழற்ற, இன்னொருவர் அதைக் கண்ணால் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்து உத்தரவு அது. சொருகியே கிடந்தால் ஊர்ப் பேச்சை எல்லாம் அங்கிருந்தே ஒட்டுக் கேட்டுவிடலாம்.

கழற்றுவது ஏணி. கையெழுத்துப் போடுவது கீழே மேசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மருமகன்.

"மாமனார் பூட்டு, மருமகன் சாவி. நாட்டுக்கு இனிமே என்ன குறை?" என்று வாசல் காவலாளி கிண்டலடிப்பான்.

"கழட்டிட்டேன் மாப்ள."

"சரி மாமா."

கையெழுத்து விழுந்துவிடும். மாமனார் சொன்ன பிறகும் மேலே ஏறிப்போய்ப் பார்த்தால் அந்த மனுஷனை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? வேலை வாங்கிக் கொடுத்தவர், பெண்ணையும் கொடுத்தவர்.

மழை ஆரம்பித்த வாரம் ஏணி ஒருமுறை கம்பியைக் கழற்றாமல் இறங்கிவிட்டார். அடுத்த வாரம் அவர்கள் மறுபடி கேட்பார்கள், மறுபடி தொண்ணூற்றாறு படியா? அவர்கள் கேட்டபோதெல்லாம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். போதுமான நேரம் ஆனதும் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"கழட்டிட்டேன் மாப்ள."

இப்படி மூன்று கையெழுத்து விழுந்தது.

இருபத்திரண்டாம் நாள் ஏசியில் தூசி தட்ட வேண்டியிருந்ததால் உச்சிவரை ஏறினார். அன்று யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் மஞ்சள் கம்பி சொருகிய இடத்தில் பச்சை விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது, பசித்தவன் அவசரமாக அள்ளித் தின்பதுபோல. கம்பியைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். கீழே மருமகனிடம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முகாமிலிருந்து போன லாரி திரும்பவில்லை. அதில் போனது நாலு பேர். அதற்கடுத்த நாள் மத்தியானம் நிலையத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. ஒருவர் மேசையில் நோட்டைப் பிரித்து வைத்தார்.

"லாரி போற வழிய முந்தின நாள்தான் மாத்தினாங்க. அத போன்ல மட்டும்தான் பேசினாங்க. மாத்தின வழியிலயே எதிராளி காத்துக்கிட்டிருந்திருக்கான்." விரல் நோட்டில் ஊர்ந்தது. "பெட்டியோட பதிவுல பார்த்தா, கம்பி இருபத்திரண்டு நாள் சொருகியே இருந்திருக்கு. இங்க கழட்டியாச்சுன்னு மூணு தடவ எழுதியிருக்கு. கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்" என்றான் மருமகன்.

"மேல ஏறிக் கழட்டினது யாரு?"

மருமகன் ஏணியைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று ஏணிக்குப் புரிந்தது.

"அதுவும் நான்தான் சார். மாமாவுக்கு முட்டி போச்சு. அவரால அவ்வளவு படி ஏற முடியாது."

அதிகாரி திரும்பி, துணி கட்டிய காலைப் பார்த்தார். ஏணி முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். வாசலில் மருமகனை ஏற்றிய வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

பதினோரு நாளாகியும் மருமகன் எங்கே இருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. மகள் அந்த முகாம் வாசலிலும் இந்த ஆபீஸ் வாசலிலுமாக நின்றுவிட்டு வருவாள். வந்ததும் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து அப்பாவின் முட்டியில் வைப்பாள்.

"உங்களுக்கு மட்டும் கால் நல்லா இருந்திருந்தா அவர் மேல ஏறியிருக்கவே மாட்டார் இல்லப்பா?"

"சூடு போதும்மா" என்றார் ஏணி.

‘கம்பியைக் கழற்றாமல் விட்டது நான்தான்.’ அந்த ஒரு வாக்கியம்தான் மாப்பிள்ளைக்கு அவர் பட்ட கடன். அதை அவர் இன்னும் தீர்க்கவில்லை.