வில்பட்டியில் நின்றுபோன அடி

பழனி மலைத்தொடரில் ஒரு குடும்பத் தலைவன் தன் குடும்பத்தைக் காக்க ஓங்கிய அடிகளிலேயே மகத்தானது வில்பட்டி யோகராஜ் ஓங்கியதுதான். இதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அது இன்றுவரை திருடன் மேல் விழவில்லை. யோகராஜ் வீட்டு அடுப்படி வாசலில் அந்தரத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அடுப்புப் புகை அந்த இடத்தில் மட்டும் விலகிப் போவதை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

ஐப்பசியில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் வில்பட்டியில் எதிர்வீடு தெரியாது. அந்த நேரத்தில் யார் வீட்டுக்குள் காலடி கேட்டாலும் உள்ளே இருப்பவர் "யாரு?" என்பார், வருபவர் "நாந்தான்" என்பார், "வாங்க" என்று பதில் வரும். அதற்கு மேல் பெயர் கேட்பது மரியாதைக் குறைவு. அப்படியொரு மதியம், அடிவாரத்திலிருந்து வந்திருந்த மயில்சாமி என்பவன் யோகராஜ் வீட்டுப் பின்கதவுக் கொண்டியைக் கடப்பாரையால் நெம்பினான். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மகள் சத்தியபிரியா, சத்தம் கேட்டு "யாரு?" என்றாள். மயில்சாமி "நாந்தான்" என்றான். அவள் "வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் கடப்பாரையை ஓங்கி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்ன பிறகுதான் அலறினாள். கேரட் காட்டில் நின்ற யோகராஜ் மண்வெட்டிக் காம்போடு ஓடி வந்தார். மகளின் தலைக்கு மேல் கடப்பாரையைப் பார்த்தார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கினார். அடி பாதி தூரம் வந்துகொண்டிருக்கும்போதே மயில்சாமி கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "அண்ணே, வேணாம்ணே, புள்ளகுட்டிக்காரன்ணே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். யோகராஜ் காம்பை இறக்கினார். அடி மட்டும் இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. வாசலில் லத்தியை நீட்டிப் பார்த்தார். லத்தி இரண்டாக முறிந்தது. யாருக்கும் காயமில்லாததால் அடியை எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மயில்சாமியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். கொடைக்கானலில் தனக்குத் தெரியாத சட்டமே இல்லை என்று பெயர் வாங்கியிருந்த வக்கீல் ஜெயச்சந்திரன், கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு அடியை எட்ட நின்று சுற்றிவந்தார். கடப்பாரை ஓங்கியிருந்தவரை இது தற்காப்பு, அவன் உட்கார்ந்த நொடியிலிருந்து இதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஆபத்து எவ்வளவோ அவ்வளவுதான் பலம் என்றார். பிறகு சத்தியபிரியாவைப் பார்த்து, "நீ 'வாங்க'ன்னு சொன்னியாம்மா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அப்படியானால் வந்தவன் திருடனா விருந்தாளியா என்பதே கேள்விக்குறி என்று அவர் தொடங்கியதும், யோகராஜின் மனைவி ஆனந்தி, "என்ன சார், பகிடி பண்றீங்களா? விருந்தாளி கடப்பாரையோடயா வருவான்?" என்றாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளைப் பெற்றவர்கள் கொண்டுவந்த சொற்களில் கேலியைக் குறிக்கும் அந்தப் 'பகிடி' கோபம் வந்தால் மட்டும் வெளியே வரும். வக்கீல் வெரசாகப் புறப்பட்டார்.

அடி அன்றைய அளவிலேயே நின்றிருந்தால் தொல்லை இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் சேனாதிபதி, தன் படம் பெரிதாகவும் யோகராஜின் படம் ஓரமாகவும் போட்ட பிளக்ஸோடு பாராட்டு விழா எடுத்தார். 'மலைநாட்டு மாவீரர்' என்று பொன்னாடை போர்த்தினார். மேடையில் யோகராஜ் பேசியபோது ஒரு மயில்சாமி மூன்று பேரானான், கடப்பாரை அரிவாளானது. வீட்டுக்கு வந்து புகையை வைத்துப் பார்த்தால் அடி ஒரு முழம் பருத்திருந்தது. பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது கொஞ்சம் வீங்கியது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசிவிட்டு வந்த அன்று வாசலையே முக்கால்வாசி அடைத்துவிட்டது. ஆனந்தியும் மகளும் சோறு பொங்கத் தவழ்ந்து போனார்கள், குழம்புச் சட்டியைத் தரையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் தவழ்ந்துபோன சத்தியபிரியாவின் பின்னல் நுனி அடியில் பட்டுத் துண்டாக விழுந்தது. ஆனந்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கணவர் முன் நீட்டினாள்.

"திருடன் எம்புள்ளய ஒண்ணும் பண்ணல. ஒங்க வீரம் கழுத்துக்கு வந்து நிக்குது. நாளைக்கு முடிக்குப் பதிலா என்னத்த எடுத்துட்டு வர?"

யோகராஜ் பேச்சை நிறுத்தினார். அடி வளர்வதை நிறுத்தியது. ஆனால் குறையவில்லை. அவர் இரண்டு வருஷம் ஒரு மேடையும் ஏறாமல், வாசலுக்கு இந்தப்பக்கம் காவல் உட்கார்ந்து, "குனிமா, இன்னும் குனி" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மயில்சாமி தண்டனை முடிந்து வெளியே வந்திருந்தான். பழனியில் அவனுக்கு யாரும் வேலை தரவில்லை. திருடன் என்பதற்காக அல்ல. அந்த அடி எப்போதாவது அவனைத் தேடி வந்தால் பக்கத்தில் நிற்பவன் மேலும் விழுமே என்ற பயம்தான். பஸ்ஸில் அவனுக்கு அடுத்த சீட் எப்போதும் காலியாக வந்தது. ஒரு மேகம் இறங்கிய மதியம் யோகராஜ் வீட்டு முன்வாசலில் காலடி கேட்டது.

"யாரு?"

"மயில்சாமிங்க. அன்னைக்கு வந்தேன்ல, அவந்தான்."

வில்பட்டியில் மேகத்துக்குள்ளிருந்து பெயர் சொல்லி நுழைந்த முதல் ஆள் அவன்தான். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "எனக்குன்னு ஓங்குனது, நானே வாங்கிட்டுப் போயிர்றேங்க. ஒங்களுக்கும் தொல்லை, எனக்கும் பொழப்பு இல்ல" என்றான். இப்போதைய பருமனில் அது விழுந்தால் அவன் பிழைக்கமாட்டான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. யோகராஜுக்கு மகள் இனி நிமிர்ந்து நடக்கலாம் என்ற ஆசை ஒரு பக்கம், மனிதன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறானே என்பது ஒரு பக்கம். அவர் சத்தியபிரியாவைப் பார்த்தார். கடப்பாரை ஓங்கப்பட்டது அவள் தலைக்கு மேல்தான்.

அவள், "நீங்க அன்னைக்கே உக்காந்துட்டீங்க. இது ஒங்களுக்கு இல்ல. சட்டையப் போடுங்க, சளி புடிக்கும்" என்றாள். ஆனந்தி மல்லிக்காப்பி போடத் தவழப் போனவள், பழக்கத்தில் குனிந்து, புகை வாசலின் உச்சிவரை நேராகப் போவதைப் பார்த்து நிமிர்ந்தாள். வாங்க ஆள் இல்லாமல் போன அடி வற்றி, வாசலின் மேல்சட்டத்துக்குக் கீழே, தலையில் வைக்கும் ஒரு குட்டு அளவுக்கு ஒடுங்கியிருந்தது. மயில்சாமி இப்போது யோகராஜின் காட்டிலேயே கேரட் கழுவுகிறான்.

ஊர் அதற்குப் பழகிவிட்டது. அடுப்படிக்குப் போகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே தலையை லேசாகச் சாய்த்துப் போகிறார்கள். சேனாதிபதிகூடச் சாய்க்கிறார். போன தையில் சத்தியபிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு மாவீரர் தன் கையாலேயே பலகாரத் தட்டு எடுத்து வருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். குட்டு விழுந்தது. அவர் "ஐயோ அம்மா" என்று கத்தியது எதிர்வீட்டுக்குக் கேட்டது. கேசரி சம்பந்தியின் மடியில் கிடந்தது.