பால் இல்லாத டீ

யோசனை மருமகள் மோகனப்ரியாவுடையது. சென்னையிலிருந்து காரில் திருத்தணிக்கு வருகிற பிள்ளைகள், மலையிலிருந்து இறங்கியதும் டீக்கடை வாசலில் நின்று வீகன் இருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லாம் சைவம்தான் என்று சொன்னால் சிரித்துவிட்டு, பால், தயிர், நெய் எதுவும் கூடாது என்றார்கள். முருகனுக்கே பால்குடம் எடுக்கிற ஊரில் இது என்ன கூத்து என்று முதலில் அவளும் நினைத்தாள். பிறகு பார்த்தால் அரக்கோணத்து மளிகைக்கடைக் குளிர்பெட்டியில் சோயா பால் வந்து உட்கார்ந்திருந்தது. அடிவாரத்துப் பெரிய ஓட்டல் ஒன்று நெய் இல்லாத பொங்கலுக்கென்று தனிப் பலகையே மாட்டிவிட்டது. நாமும் ஒரு பாத்திரம் வேர்க்கடலைப் பால் காய்ச்சி வைக்கலாமா என்று மாமனார் கோதண்டபாணியிடம் பயந்து பயந்துதான் கேட்டாள்.

கோதண்டபாணியின் பால் டீக்காகவே ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள். மனிதர் எரிந்து விழுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"ஒரு பாத்திரம் எதுக்கும்மா? மாட்டுப் பாலே இனிமே வேணாம். நிறுத்திடு," என்றார் அவர்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது. நான்கு வருடமாக, அடுப்பில் பால் காயும்போதெல்லாம் அவர் காதில் ஒரு சத்தம் கேட்டது. சொரசொரப்பான நாக்கு, காய்ந்த தோலை நக்குகிற சத்தம். சரக், சரக் என்று நிதானமாக, பாசமாகக் கேட்கும். அந்தப் பாசத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போது வீட்டில் செவலை என்று ஒரு பசு இருந்தது. கன்று போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம் ஊரை நிறைத்துவிட்டது, டீ போட்டு மாளவில்லை. கன்றை மடியில் இரண்டு முட்டு முட்டவிடுவார், பால் இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கடைசிச் சொட்டுவரை கறந்துகொள்வார். மூன்று நாள் அப்படி. கன்று கத்தியது, பிறகு கத்துவதை விட்டுவிட்டது. நான்காம் நாள் விடியற்காலையில் காலை நீட்டிக் கிடந்தது. கழிச்சலில் போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

கன்று இல்லாமல் செவலை பால் இறக்கவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் காலங்காலமாகச் செய்கிறதையே அவரும் செய்தார். ஆள் வைத்துக் கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளின்மேல் நிறுத்தினார். செவலை அதை மோந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது, பாலும் இறங்கியது. மாதக்கணக்கில் நக்கி நக்கித் தோலில் முடியெல்லாம் உதிர்ந்துபோயிற்று. ஒருநாள் காலை அவர் கறக்கப் போனபோது வயிற்றுத் தையல் பிரிந்திருந்தது. செவலை தன் கன்றின் வயிற்றுக்குள்ளிருந்து வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. தின்னத் தின்ன மடியிலிருந்து பால் சொட்டியது.

அந்த வாரமே செவலையைப் பக்கத்துத் தெருப் பால்காரர் சேட்டுவிடம் விற்றுவிட்டார். சத்தம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பாலை நிறுத்திய அன்றே சத்தமும் நின்றது. பதினோரு நாள் நிம்மதியாகத் தூங்கினார். பழைய ஆட்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள், அவர் கவலைப்படவில்லை. புது ஆட்கள் வந்தார்கள், கருணையுள்ள மனிதர் என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. மனிதருக்கு எதுவும் சுலபமாகப் பழகிவிடுகிறது.

பன்னிரண்டாம் நாள் காலையில் நிர்மலா என்ற பெண் வந்தாள். இந்த மாதிரிக் கடைகளை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவள். மோகனப்ரியா அப்போதுதான் பால் பிழிந்த வேர்க்கடலைச் சக்கையைச் சாக்கில் அடைத்து, வாயைக் கட்டி, வாசலில் ஸ்டூலின்மேல் படுக்கவைத்திருந்தாள். மாட்டுக்குப் போட சேட்டு தினமும் வந்து எடுத்துப் போவார்.

நிர்மலா டீயைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு செல்போனை உயர்த்திப் பிடித்து, பாலை விட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டாள். கோதண்டபாணி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"வாயில்லாத ஜீவன்மா," என்று ஆரம்பித்தார். "அதும்மேல ஒரு இரக்கம்…"

சரக். சரக்.

அடுப்பில் சொட்டு மாட்டுப் பால்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் செவலை நின்றிருந்தது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்கியது. நான்கு கால் ஸ்டூலின்மேல் வயிறு புடைத்துக் கிடந்த சாக்கை, கண்கள் பாதி மூடியபடி நக்கிக்கொண்டிருந்தது. சேட்டு இன்னும் கறக்கவில்லை போலும், நான்கு காம்பிலிருந்தும் பால் தார் ரோட்டில் வழிந்தது.

மோகனப்ரியா விரட்டுவதற்குக் கம்பை எடுத்தாள்.

"விடும்மா," என்றார் அவர். "கன்னுன்னு நெனச்சிகினு நக்குது."

நிர்மலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனைத் தாழ்த்தினாள்.

"எறக்காதம்மா, எடுத்துகினே இரு," என்றார் கோதண்டபாணி. "இது போட்ட கன்னு கழிச்சல்ல சாவல. நான்தான் பட்டினி போட்டு சாவடிச்சேன். டீ விக்கிறதுக்கு."

மோகனப்ரியாவின் கையிலிருந்த கம்பு தானாகக் கீழே இறங்கியது. அவர் மேலே சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாக்கின் கட்டு அவிழ்ந்து சக்கை சரிந்து கொட்டியது. செவலை தலையைத் தாழ்த்தி அதைத் தின்னத் தொடங்கியது. பால் சொட்டிக்கொண்டேயிருந்தது.