லாசரின் வலது கால்

மாலை ஏழு மணிக்கு லாசர் செத்துப்போனான். சற்று நேரத்தில் அவன் வலது கால் ஆடத் தொடங்கியது.

மாதா கோயில் வாசலில் சேசுவின் கதையைச் சொல்லும் பாஸ்கு நாடகம். செத்துக் கிடந்து, சேசு கூப்பிட்டதும் உயிர்த்தெழ வேண்டிய லாசராக நடித்தவன் மில் தொழிலாளி அமலநாதன். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி சுற்றிப் பெஞ்சுமேல் கிடத்தியிருந்தார்கள். முன்வரிசையில் கோர்ட்டு குமாஸ்தா ராஜாங்கம், ஊர் மரியாதைக்கு ‘முசே’. மகள் ரோசாவை அமலநாதனுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தவர். பையனுக்குக் காக்காவலிப்பு என்று எவனோ ஓதிவிட்டான். நேரில் பார்த்துத்தான் முடிவு என்று நாடகத்துக்கே வந்துவிட்டார்.

வலிப்பெல்லாம் இல்லை. பதற்றம் வந்தால் கால் ஆடும். அவர் பார்க்கிறார் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

அமலநாதன் பல்லைக் கடித்துக் காலை அடக்கினான். கால் பெஞ்சையும் சேர்த்து ஆட்டியது.

பக்கத்தில் லாசரின் அக்காள் மார்த்தாள் அழுதுகொண்டிருந்தாள். மார்த்தாள் என்பது சூசை, அவனும் மில்லில்தான். சேலை, சவுரி. மீசையை முந்தானை மறைத்தது.

“ஐயோ தம்பீ!” என்று ஓலமிட்டுக் குரலைத் தணித்தான். “கால ஆட்டாதடா, பாவி.”

“நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுது.”

சூசை கதறிக்கொண்டே காலின்மேல் விழுந்தான். இப்போது மார்த்தாளும் குலுங்கினாள்.

“என்னமா அழுவுறா பாரு,” என்று கூட்டத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

“அடக்காதடா,” என்றான் சூசை. “அடக்க அடக்க முறுக்கும். பயம் ‘ஓடு’ங்குது. நீ படுத்துக் கெடக்குற. கால் மட்டும் ஓடுது. குதிகால பெஞ்சுல அழுத்தி மெதுவா வுடு. மூச்ச இழுத்ததவிட நீளமா வெளிய வுடு. ஐயோ, என் பொறப்பே!”

“பொணம் மூச்சு வுட்டா தெரியாதா?”

“மூஞ்சியில துணி கெடக்குது. வுடுடா.”

அமலநாதன் குதிகாலை அழுத்தினான். விட்டான். மூச்சு நீண்டது. கால் ஒருமுறை துள்ளி அடங்கியது. முழங்கால் இளகியது, தோள் இறங்கியது. கவலையில் பல நாள் தூங்காத உடம்பு.

“கல்லு மாதிரி கெடக்குறான்,” என்று ராஜாங்கம் யாரிடமோ சொன்னார். தூக்கம் அமுக்குமுன் அமலநாதன் கடைசியாகக் கேட்டது அதுதான்.

சேசுவாக வந்த கிறிஸ்துதாஸ் கையை உயர்த்தினான்.

“லாசரே, வெளியே வா!”

லாசர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். மார்த்தாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தொடையில் கிள்ளினாள். அசைவில்லை. அப்போஸ்தலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜாங்கம் எழுந்து மேடையருகே வந்தார்.

“யேம்பா சேசு, புள்ளைக்கு வலிப்பு இல்ல, ஒத்துக்குறேன். உசுரு இருக்குதா?”