காக்கைக்குச் சூடு

“நிறுத்துங்க, கழட்டாதீங்க!” என்று கத்திக்கொண்டே இங்குன் படுக்கையறையிலிருந்து ஓடி வந்தபோது, வீட்டைச் சூடாக்கும் பழைய ஹீட் பம்ப் கூடத்துச் சுவரை விட்டு இறங்கி மெக்கானிக் ஐலிஃபின் கைகளில் இருந்தது.

“என்னாச்சும்மா?”

“அப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வருது. அதைத் திரும்ப மாட்டிடுங்க. இன்னைக்கு வேண்டாம்.”

“குழாயை வெட்டிட்டேனே. இனிமே இது வெறும் டப்பா.” ஐலிஃப் அதைத் தரையில் வைத்தார். “முன்னாடி போனாத்தான் வழி. அப்பா ரூமை முதல்ல முடிக்கிறேன்.”

வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. படுக்கையறையில் மின்சார ஹீட்டரைச் சொருகியதும் பியூஸ் போயிற்று, ஐலிஃபின் டிரில்லும் நின்றது. இரண்டில் ஒன்றுதான் ஓடும். விறகடுப்புப் பக்கம் கொண்டுபோகலாம் என்று அப்பாவைத் தொட்டாலே வலியில் துடித்தார். இங்குன் ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டாள்.

அப்பா அர்விட் கடற்கரை ஊர்க்காரர். கல்யாணம் செய்து இந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வந்தவருக்கு இங்குள்ள குளிர் கடைசிவரை ஒத்துவரவில்லை. அம்மா குட்ரூனோ இந்த மண்ணிலேயே பிறந்தவள். படுக்கையறைக் கதவை இறுக்கிச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குவதுதான் ஆரோக்கியம் அவளுக்கு. கூடத்தில் இருந்த ஒரே பம்பின் சூடு அந்த அறை வாசலைத் தாண்டியதே இல்லை. அர்விட் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வாழ்நாள் முழுக்கத் தூங்கினார். தப்பித் தவறி ஜன்னலைச் சாத்தாமல் ஹீட்டர் போட்டுவிட்டால் போதும், “வெளியில இருக்கிற காக்காய்க்கா சூடு போடுற?” என்று குட்ரூன் பிடித்துக்கொள்வாள்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட அன்று அவர் மகளிடம் கேட்டது ஒன்றுதான். “ஒருநாளாவது தொப்பி இல்லாம தூங்கணும்டி.” அறைக்கு ஒரு பெட்டி, அறைக்கு ஒரு சூடு என்று இருக்கும் புது ஏற்பாட்டுக்கு இங்குன் உடனே ஐலிஃபிடம் சொல்லிவிட்டாள். குட்ரூன்தான் கிறிஸ்துமஸ் போகட்டும், விருந்தாளிகள் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்தக் கோபத்தோடு இங்குன் படுக்கையறைக்குத் திரும்பினாள்.

“போன மாசமே முடிஞ்சிருக்கும். எல்லாம் உன்னாலதான்.”

குட்ரூன் கட்டில் ஓரத்தில் அர்விட்டின் பாதங்களைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவருக்குச் சூடான ரூம், எனக்குக் குளிர் ரூம்னு நீ படம் போட்டுக் காட்டினே. இத்தனை வருஷம் ஒண்ணாப் படுத்துட்டுக் கடைசில தனியாப் படுக்கச் சொல்றியா?”

சுவரில் டிரில் இறங்கும் சத்தத்தில் இங்குனுக்குப் பல் கூசியது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் அப்பாவின் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“குழாய்ல இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கணும். அவசரப்பட்டா மிஷின் கெட்டுடும்மா,” என்றார் ஐலிஃப். காற்றை உறிஞ்சும் சின்னப் பம்பு மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அவர் கையை உதறி உதறிச் சூடேற்றிக்கொண்டார்.

கடைசியில் சுவரில் ஏறிய புது வெள்ளைப் பெட்டியின் மூடி திறந்தது. முதலில் குளிர்ந்த காற்று, பிறகு வெதுவெதுப்பு. இங்குன் அப்பாவின் தொப்பியை மெல்லக் கழற்றினாள். நெற்றி முடி காற்றில் அசைந்தது. அர்விட் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். பார்வை குட்ரூனின் தடித்த ஸ்வெட்டரில் வந்து நின்றது.

“உனக்கு வேர்க்குமே,” என்றார்.

“வேர்க்கட்டும். தூங்கு.”

தூங்கினார். குட்ரூனின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, பாதங்களையும் விடவில்லை. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

இங்குன் போன் செய்ததும் நர்ஸ், தான் கிளம்பி வருவதாகவும், அதற்குள் அறைச் சூட்டை அணைத்து ஜன்னலைத் திறந்து வைக்கும்படியும் சொன்னாள். உயிர் வெளியே போக ஜன்னல் திறப்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இங்குன் ஜன்னல் பக்கம் போனாள்.

“தொடாதே,” என்றாள் குட்ரூன். “அவருக்குக் குளிரும்.”

வாழ்நாளெல்லாம் அந்த ஜன்னலைத் திறந்தே வைத்த அம்மாவா இது? இங்குனுக்கு அழுகை பொங்கியது. அம்மா மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அறையை விட்டு வெளியே வந்து கதவோரம் நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் குட்ரூன் எழுந்தாள். தொப்பியை எடுத்து அர்விட்டின் தலையில் மாட்டி, இரண்டு காதும் மறையும்படி இழுத்துவிட்டாள். போர்வையைக் கழுத்துவரை ஏற்றி ஓரங்களைச் செருகினாள். அதன்பிறகு போய் ஜன்னலை அகலத் திறந்தாள்.

கூடத்தில் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஐலிஃப் உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கினார்.

“ஜன்னல் தெறந்திருக்கு, மிஷினும் முழு வேகத்துல ஓடுது. சூடெல்லாம் வெளியில போகுதும்மா. அணைச்சிடவா?”

இங்குன் அம்மாவைப் பார்த்தாள். குட்ரூனுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் ஜன்னலுக்கு வெளியே வேலிமேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்,” என்றாள் இங்குன். “ஓடட்டும்.”